கண் மங்கும் வயதில் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்



இந்த மருத்துவ ஊழியத்தை ஆண்டாண்டாகத் தாங்கி வரும் உங்களில் பலர் எங்களைப் போலவே அறுபதைக் கடந்தவர்கள். உங்களைச் சந்திக்கும்போதெல்லாம், "இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?" என்று கேட்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் ஒரு புத்தகத்தின் பெயர் பதிலாக வரும். இப்போதோ அநேகர், "எங்கே ஐயா வாசிக்கிறது? கண் தெரிகிறதில்லை" என்று சொல்லிப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். ஏன் தெரியவில்லை என்று கேட்டால், "வயதுதான்" என்கிறார்கள்.

அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று கண்ணாடியால் சரியாகும். ஒன்று சிறிய அறுவைச் சிகிச்சையால் சரியாகும். வேறு சிலவோ காலம் கடந்துவிட்டால் எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாதவை. வயது என்று சொல்லிப் புத்தகத்தை மூடி வைப்பவர் தமக்கு வந்திருப்பது எது என்று அறியாமலே மூடி வைக்கிறார். ஆகவே இந்த மடலில் எங்கள் வாசிப்பையும், அதை விடாமல் தொடர எங்களுக்கு உதவுகிறவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இப்போது எங்கள் கையில் இருப்பது

நாங்கள் இந்நாட்களில் வாசித்து வருவது உ. வே. சாமிநாதையரின் "என் சரித்திரம்". எண்பதைக் கடந்த வயதில், 1940-ல், அவர் அதை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். 1942-ல் அவர் காலமானபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. 1950-ல் நூலாக வெளிவந்தது. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, படித்து, ஒப்பிட்டு, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் அவர்.

கண் மங்கியவர்கள் இந்த நூலை வாசிக்கும்போது ஓலைச்சுவடியைப் பற்றிய பக்கங்கள் தனியாக மனதில் தைக்கின்றன. ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். மையில்லாத கீறல் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எனவே விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் தடவித் துடைப்பார்கள். கீறலில் கருமை தங்கி எழுத்து எழும்பி நிற்கும். மேலும் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி ஊகிக்க வேண்டும். குறிலுக்கும் நெடிலுக்கும் இன்று நாம் காணும் வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் வீரமாமுனிவர் என்பது பலரும் அறிந்ததே.

வயதான கண் அச்சுப் புத்தகத்தையும் ஓலைச்சுவடியாக மாற்றிவிடுகிறது. முதலில் மறைவது புள்ளிதான். "பல்" என்பது "பல" ஆகிறது. கொம்பின் மேற்சுழி கரைந்து "கோடு" என்பது "கொடு" ஆகிறது. "மணம்" எது, "மனம்" எது என்று சுழிகளை எண்ண வேண்டியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு வரியிலும் ஊகித்துத்தான் முன்னேறுகிறோம். பத்து நிமிடத்தில் நெற்றி வலிப்பதும், அரைப் பக்கத்தில் தூக்கம் வருவதும் பல வேளைகளில் இந்த ஊகத்தின் களைப்பே. அதைச் சோம்பல் என்றோ, ஞாபகம் குறைந்துவிட்டது என்றோ வீட்டார் எண்ணிவிடக் கூடாது.

வெள்ளெழுத்து என்பது என்ன?

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்சு இளமையில் மிருதுவாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது அது தன் வடிவத்தை மாற்றித் தடித்துக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது விறைத்துப் போகிறது. ஏறக்குறைய 40 வயதில் செய்தித்தாளைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குகிறோம். பிறகு கை நீளம் போதாமல் போகிறது. இதைத்தான் நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் சொன்னார்கள். இது நோயல்ல, நரை வருவதைப் போல யாவருக்கும் வருவது.

இதற்கு மருந்தாகிய மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 1286-ஐ ஒட்டிய காலத்தில் உருவானது. 1306-ல் ஃபிளாரன்சு நகரில் பிரசங்கித்த ஜியோர்தானோ என்னும் துறவி, இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டு ஆகவில்லை என்று தம் பிரசங்கத்திலேயே வியந்து குறிப்பிட்டிருக்கிறார். அதே நாட்டுக் கவிஞர் பெட்ரார்க், அறுபதைக் கடந்தபின் மனமில்லாமல் கண்ணாடியை நாடியதாகத் தம்மைப் பற்றி எழுதிவைத்தார். அந்த மனமில்லாமை இன்றும் நம்மிடத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்கள் அநேகர். அது உண்மையல்ல. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்சு தன் போக்கில் விறைத்துக்கொண்டேதான் இருக்கும்.

கண்ணாடி எத்தனை பெரிய உதவி என்பதற்கு ஒரு சான்று சொல்லுகிறோம். அஸ்ஸாமில் 40 வயதைக் கடந்த 751 தேயிலை பறிப்போரிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் கிட்டப்பார்வைக்கான கண்ணாடி இலவசமாகப் பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதல் வேலைத்திறன் காட்டினார்கள். கொழுந்து பறிக்கவே இத்தனை உதவுமானால் வாசிக்க எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனாலும் இந்த எளிய கண்ணாடி கிடைக்காதவர்கள் உலகில் 82 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்கிட்டது.

கண்ணாடி எழுதித் தரும்போது ஒரு காரியத்தை மறவாமல் சொல்லுங்கள்: புத்தகத்தை எவ்வளவு தூரத்தில் வைத்துப் படிக்கிறீர்கள் என்பது. அறுபது வயதில் வழக்கமாகத் தரும் இரண்டரை பவர், ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தூரத்திற்கு உரியது. மடியில் வைத்துப் படிப்பவருக்கு அது பொருந்தும். 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பிரசங்க மேடைக்கும், தையல் இயந்திரத்துக்கும், ஆர்மோனியத்தின் மேல் விரித்த பாட்டுப் புத்தகத்துக்கும் அது பொருந்தாது; அங்கே பவர் குறைவாக வேண்டும். "புதுக் கண்ணாடியும் சரியில்லை" என்ற குறை அநேகமாக இந்தத் தூரக் கணக்கில்தான் இருக்கிறது.

வயது என்று எண்ணி விட்டுவிடக் கூடாதவை

கண்ணாடியை மாற்றியும் தெளியவில்லையானால் காரணம் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, கண்புரை. லென்சு கலங்கிப்போவதால் பக்கம் முழுவதும் புகை மூடியதுபோல் தெரியும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சிலருக்குப் புரை தொடங்கும் காலத்தில் லென்சின் பவர் மாறி, கண்ணாடி இல்லாமலே சில காலம் படிக்க முடியும். "தாத்தாவுக்குப் பார்வை திரும்பிவிட்டது" என்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் அது புரையின் அடையாளம். உடனே பரிசோதிக்க வேண்டும்.

"புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது பழைய காலத்து ஆலோசனை. அந்நாட்களில் லென்சை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடியைத்தான் கொடுத்தார்கள். 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் செயற்கை லென்சை முதன்முதலாகக் கண்ணுக்குள் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குள் தீங்கு செய்யாமல் இருந்ததைக் கண்டதே அதற்கு வழிகாட்டியது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் மூலம் அந்த லென்சுகளை நம் நாட்டிலேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. ஆகவே இன்று வாசிப்புக்குத் தடையாகும் அளவுக்குப் புரை வந்தாலே சிகிச்சை செய்துகொள்ளலாம். சாதாரண லென்சு வைத்தவர்களுக்குப் படிக்கக் கண்ணாடி பிறகும் தேவைப்படும் என்பதை முன்பே அறிந்திருந்தால் ஏமாற்றம் இராது. சில மாதமோ ஆண்டோ கழித்து மறுபடி மங்கினால், "புரை திரும்பிவிட்டது" என்று கலங்க வேண்டாம். லென்சின் பின்புறச் சவ்வு கலங்கியிருக்கலாம்; அதை லேசர் ஒளியால் சில நிமிடங்களில் சரிசெய்கிறார்கள்.

இரண்டாவது, கண் நீர் அழுத்த நோய். இது திருடனைப்போல் வரும். பெரும்பாலும் வலியில்லை, சிவப்பில்லை. ஓரப் பார்வை மெல்ல மெல்லக் குறையும்; நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் வாசிக்கக்கூட முடியும். இழந்தது திரும்பாது, மீதியைச் சொட்டு மருந்தாலோ வேறு சிகிச்சையாலோ காக்கலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். திருவிழாக் கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வதில் உள்ள ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடி கண்ணைக் கெடுப்பதில்லை. ஆனால் எழுத்து தெளிந்துவிட்டதே என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுகிறோம். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, விழித்திரையின் மையம் நலிவது. இதில் ஓரம் தெரியும். பார்க்க விரும்பும் அந்தச் சொல்லே மறையும். வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட தாளையோ கணக்கு நோட்டையோ பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். ஜன்னல் கம்பியையும் இப்படிப் பார்க்கலாம். நேர்கோடுகள் வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்நோயின் ஒரு வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்துள்ளன. சீக்கிரம் வந்தவர்களுக்கே அவை மிகுதியாய் உதவுகின்றன.

நான்காவது, சர்க்கரை நோய். அது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாயிருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். இன்னொன்று: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். அது கட்டுக்குள் வந்து சில வாரம் ஆனபின் கண்ணாடி எழுதிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் செலவு வீண்.

இவை தவிர, திடீரென மின்னல் வெட்டுவதுபோல் தெரிதல், கரும்புள்ளிகள் கூட்டமாய் மிதத்தல், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைதல், வாந்தியோடு கூடிய கடுங்கண்வலி ஆகியவை அதே நாளில் காட்ட வேண்டியவை. தேனோ, இலைச்சாறோ, தாய்ப்பாலோ கண்ணில் விடுவதை அருள்கூர்ந்து செய்யாதிருங்கள்.

எங்களுக்கு உதவுகிறவை

பரிசோதனையும் சிகிச்சையும் முடிந்தபின் எஞ்சிய பார்வையைக் கொண்டு வாசிக்கும் வழிகள் உண்டு. முதலில் வெளிச்சம். இருபது வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபதில் எட்டுகிறது. அறை நடுவில் எரியும் விளக்கு பேரனுக்குப் போதும், நமக்குப் போதாது. மேசை விளக்கை ஒரு பக்கமாக, கண்ணில் கூசாதபடி வைத்து, புத்தகத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் பக்கத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். இதற்குப் பெரும் செலவில்லை.

அடுத்தது, எழுத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள வேறுபாடு. ஓலையில் கரி தடவிய அதே ஞானம் இங்கேயும் உதவும். ஒரு கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளமாய் வெட்டி, பக்கத்தின் மேல் வைத்து நகர்த்துங்கள். சுற்றிலும் உள்ள வெள்ளைக் காகிதத்தின் கூச்சம் அடங்கி, அந்த ஒரு வரி தெளிவாய் நிற்கும். வரி தவறுவதும் இல்லை.

மூன்றாவது, பெரிய எழுத்து. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட 1714, 1715 ஆண்டுகளில், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துக்கள் பெரிதாயிருந்தபடியால், காகிதத்தை மிச்சப்படுத்த உள்ளூரிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். அன்று காகிதம் அரிது. இன்று நாம் பெரிய எழுத்தைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. பெரிய எழுத்து வேதாகமம் கிடைக்கிறது. நம் ஊர்ச் சந்தைகளில் விற்ற "பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை" போன்ற புத்தகங்கள் எழுத்தின் அளவையே அட்டையில் பெருமையாய்ப் போட்டுக்கொண்டவை அல்லவா? கைபேசியிலும் எழுத்தை விரும்பிய அளவு பெரிதாக்கலாம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை அப்படிப் பெரிதாக்கிப் படிக்கத்தக்க வடிவில் இலவசமாய்த் தருகிறது.

பூதக்கண்ணாடி வாங்கும்போது பெரியதையே தேடாதிருங்கள். பவர் கூடக் கூட ஒரு பார்வையில் அகப்படும் இடம் சுருங்கும். உங்கள் தேவைக்குப் போதுமான குறைந்த பவரே படிக்கச் சுலபம். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் படி மங்கித் தெரியும். முகத்தைத் தாழ்த்தி மேற்பாதி வழியாகப் பார்த்து, கைப்பிடியைப் பற்றி இறங்குங்கள். வாசிப்புக்காகப் போட்ட கண்ணாடி இடுப்பு முறிவுக்குக் காரணமாகிவிடக் கூடாது.

காதால் வாசித்தல்

இவை ஒன்றும் போதாத நாளும் சிலருக்கு வருகிறது. அப்போது பிறர் கண்ணைக் கடன் கேட்கலாம். அதில் தாழ்வொன்றும் இல்லை. 1652-க்குள் முழுவதும் பார்வையிழந்த மில்டன், பிறர் வாசிக்கக் கேட்டும் தாம் சொல்லப் பிறர் எழுதியும், 1667-ல் தம் பெருங்காவியத்தை வெளியிட்டார். நம் கிராமங்களில் பாரதம் படிப்பார்கள். படிப்பவர் ஒருவர், கேட்பவர் நூறு பேர். மௌனமாய்த் தனியே படிப்பதுதான் வாசிப்பு என்ற எண்ணம் நமக்குப் பிற்காலத்தில் வந்தது.

பார்வை குறைந்தோருக்காகப் புத்தகங்களை ஒலி வடிவிலும் வேறு வடிவிலும் ஆக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013-ல் உருவானபோது, அதை உறுதிசெய்த முதல் நாடு இந்தியா, அது 2014-ல். 2016-ல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. கைபேசியே தமிழை வாசித்துக் காட்டவும் செய்கிறது.

ஆயினும் மனிதக் குரலுக்கு ஈடில்லை. "என் சரித்திரம்" நூலையே நாங்கள் இப்படித்தான் வாசித்து வருகிறோம். மாலையில் அரைமணி நேரம் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கிறோம். கண் களைத்தால் அடுத்தவர் கைக்குப் புத்தகம் போகிறது. படுக்கையிலிருக்கும் நோயாளிகளும் சேர்ந்துகொள்வதுண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடைசி நேரத்தைப் பற்றிய பகுதி வந்தபோது வார்டில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. 1876-ல் அவர் மரணப்படுக்கையில் இருந்தபோது, சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர் அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, இளைஞரான சாமிநாதையர் திருவாசகத்தை வாசித்தார். தாமே ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லச் சொல்லப் பிறர் ஏட்டில் எழுத வாழ்ந்த அந்தப் பெரியவருக்குக் கடைசியில் வேண்டியிருந்தது வாசித்துக் காட்டும் ஒரு குரல்.

வாசித்துக் காட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெதுவாக, உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். நீளம் என்று நீங்களாகப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். கேட்காமல் விளக்கம் சொல்லாதீர்கள். அவருக்குக் கண்தான் மங்கியிருக்கிறது, அறிவல்ல. எதை வாசிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும். செய்தித்தாளில் மரண அறிவிப்பை முதலில் கேட்டால் அதையே முதலில் வாசியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம் போதும். ஆனால் சொன்ன நாளில் தவறாமல் வாருங்கள். காத்திருக்கிறவர்களுக்கு அந்த நாள் பெரிது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டையிலோ, முன்பு வாசித்துக்கொண்டிருந்து இப்போது புத்தகத்தைத் தொடாமலிருக்கும் ஒருவர் இருப்பார். "இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் நீங்கள் மாற்றாதிருங்கள். கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது என்று கேட்டு, கூடவே அழைத்துப் போங்கள். மருத்துவர் சரிசெய்யக் கூடியதை மருத்துவர் செய்வார். மீதிக்கு ஒரு நல்ல விளக்கை அருகில் நகர்த்தி வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் விட்ட பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.

ஜெபங்களுடன்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்